கூட வந்தவர் நாற்காலி

அந்த நாற்காலிக்கு ஓய்வு என்று பெயர். அதற்கு மேலே சுவரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், ஓய்வை உத்தரவிட்டே வரவழைத்துவிட முடியும் என்பதைப் போல. நீண்ட நடையின் இருபுறமும் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் நோயாளியாக நடிக்க வந்த ஒருவர், மூலையில் மதிப்பெண் போட ஒருவர். ஒவ்வொரு கதவுக்கு முன்னும், வேறு நாட்டில் படித்து, வேறு நாட்டில் பிரசவம் பார்த்து, எலும்பு கட்டி, இறப்புச் சான்றிதழ்களில் கையெழுத்திட்டு, இப்போது இங்கிலாந்தில் மருத்துவர் என்று அழைக்கப்பட அனுமதி கேட்டு நிற்கும் ஒருவர். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். மறுபடி அடித்தால், வாக்கியம் பாதியில் நின்றாலும், வெளியே வந்து அடுத்த கதவுக்கு நகர வேண்டும். இந்தச் சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கதவு இல்லாமல் நாற்காலி இருந்தது. ஹெப்சிபா அதில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் ஓர் அறை பாக்கி. யார் எந்தக் கதவில் தொடங்குவது என்று காலையில் பிரித்துவிட்டபோது அவளுக்கு வாய்த்த வரிசை அது: கடைசிக் கதவுக்கு முன்னால் இந்த நாற்காலி. ஓர் அறைக்கு உரிய நேரம் முழுவதும் ஒன்றும் செய்யாமல் இங்கே இருக்க வேண்டும். காலையில் அதைச் சலுகை என்றே எண்ணினாள். இப்போது தெரிந்தது, அறைக்குள் இருக்கும்போது பயப்படுவதற்கு அவகாசம் கிடையாது. பயத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறார்கள்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே மருத்துவர் எதுவும் அணியக் கூடாது என்பது இங்குள்ள விதி. விடியற்காலையில் தங்கும் விடுதியில் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டிருந்தாள். அவை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. பார்க்கப் பார்க்க அது வேறு யாருடைய மணிக்கட்டோ போலிருந்தது. நாடி பார்க்க விரல் தானாகவே போயிற்று. எண்ணினால் இன்னும் கூடும் என்று விரலை எடுத்துக்கொண்டாள். சற்று முன் பார்த்த அறை, கிழவர், மூச்சிரைப்பு. அவர் பெயர் என்ன? பெயரைக் கேட்டாள், கேட்டது நிச்சயம், அவர் சொன்னதும் அவள் அதைத் திருப்பிச் சொன்னதும் நினைவிருக்கின்றன, பெயர் மட்டும் இல்லை. கை கழுவினாளா? கழுவினாள், கை துடைக்கும் அந்தத் திரவத்தின் சாராய வாசனை இன்னும் விரலிடுக்கில் இருக்கிறதே. ஆனால் அந்த வாசனை அதற்கும் முந்திய அறையினுடையதாக இருந்தால்? விரலை மூக்கருகே கொண்டுபோனாள். நடையின் கோடியில் நின்ற கண்காணிப்பாளர், பறக்கும் வாத்துகள் அச்சிட்ட கழுத்துப்பட்டை கட்டிய நெடிய மனிதர், அவளைப் பார்த்தார். விரலை இறக்கினாள். கை கழுவாததற்கு ஒன்றோ இரண்டோ போகும், போகட்டும். அதுவல்ல. அந்த அறையில் கிழவருக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. அதை அவள் பார்த்தாளா? பார்த்துக்கொண்டே பேசினாளா? கேட்டுவிட்டாளா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாதா? சென்ற முறை கேட்டபோதும் அது வாயைவிட்டு வெளியே வந்ததை அவள் அறியவில்லை. மூலையில் இருந்தவரின் பேனா நகர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கூட யார் வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தக் கேள்வி. அதைக் கேட்காமல் ஹெப்சிபா ஊரில் ஒரு நோயாளியையும் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்ததாகவும் அவள் அறியாள். திருச்செந்தூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில், காலை ஒன்பதுக்கே வெளிநோயாளிகள் பகுதி கொதிக்கும்போது, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் நோயாளி என்றும் பின்னால் நிற்பவர் கூட வந்தவர் என்றும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேள்வி ஸ்டூலை நோக்கிப் போகும், பதில் பின்னாலிருந்து வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மருமகளிடம் ஹெப்சிபா கேட்டாள், "காலையில என்னம்மா சாப்பிட்ட?" மாமியார் சொன்னாள், "ரெண்டு இட்லி தின்னாம்மா. மூணாவது வச்சேன், வேண்டாம்னுட்டா." "வெளிக்குப் போனியா?" "நேத்தே போயிட்டா." "வலி எந்த இடத்துல?" "இங்கதாம்மா," என்று மாமியார் தன் வயிற்றையே தொட்டுக் காட்டினாள். அறையே சிரித்தது, மருமகளும் சிரித்தாள், சிரித்ததில் வலித்து மறுபடி குனிந்தாள். சிறிய செய்திக்கே அப்படி. பெரிய செய்தி என்றால் கேட்கவே வேண்டாம்: கூட வந்தவரைக் கண்ணால் அழைத்து, மருந்தகத்துக்குப் போகும் வழியில் தூண் ஓரமாக நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்வது. அவர் கேட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய், "ஒண்ணும் இல்லியாம், ரத்தம் கொஞ்சம் கம்மியாம்," என்பார். நோயாளி அந்த முகத்தைப் பார்ப்பார். தனியாக வந்தவரிடம், "நாளைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க," என்று சொல்லி அனுப்புவார்கள். அப்படிச் சொன்னாலே செய்தி சொல்லியாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் கொடுமை இருப்பதாக ஹெப்சிபா எண்ணியதில்லை. பாரத்தைத் தாங்க இன்னொரு தோள் வேண்டும், முதலில் அந்தத் தோளில் வை என்பதுதான் அவள் படித்த படிப்பு. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை, ஆகவே மறக்கவும் இல்லை.

இதே கட்டடத்தில், சென்ற ஆண்டு, கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்க வந்தவளாக நடித்த ஓர் இளம்பெண்ணிடம், வணக்கம் சொன்ன கையோடு, உங்களுடன் யார் வந்திருக்கிறார்கள், கணவர் வெளியே இருக்கிறாரா என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் புருவம் உயர்ந்தது. தனியாகத்தான் வந்தேன் என்றாள். ஹெப்சிபா அதன் பிறகு முழு நேரமும் பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கே மருந்தின் பக்கவிளைவுகளை விளக்கினாள் என்பதைப் பிற்பாடு அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். நோயாளியை நோயாளியாக நடத்தவில்லை என்று முடிவில் எழுதியிருந்தார்கள். தோற்றது அந்த ஒன்றினால் மட்டுமல்ல; ஆனாலும் தொண்டையில் நிற்பது அந்த முள்தான். இதற்கு மேல் அவளுக்கு வாய்ப்பில்லை. இங்குள்ள மருத்துவக் கழகம் அனுமதிக்கும் தடவைகளில் இது கடைசி. இன்று தவறினால் இந்த நாட்டில் அவள் ஒருநாளும் மருத்துவரில்லை. அரசு வேலையை விட்டுவிட்டு வந்தாயிற்று. கணவன் ஜெயசிங்குக்கு இங்கே மருத்துவமனையில் செவிலியர் பணி, மகள் ஷெரினுக்கு இங்கே பள்ளி. திரும்பிப் போவதென்றால் அவள் ஒருத்திதான் போக வேண்டும். போகாவிட்டால் முதியோர் இல்லத்தில் இப்போது பார்க்கும் வேலைதான் கடைசிவரை, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மாத்திரையைத் தொடாமல் இருப்பது. அங்கே ஒரு கிழவிக்கு நெஞ்சு வலித்தபோது, வைத்தியம் தெரிந்த ஒருத்தி அருகில் நின்றுகொண்டே, வைத்தியம் தெரிந்தவர்களுக்காகத் தொலைபேசியில் காத்திருந்தாள். தன் குடும்பத்தைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னபோது ஷெரின் சொன்னாளாம், எங்கம்மா டாக்டரா இருந்தாங்க. குழந்தை சரியாகத்தான் சொன்னாள். இறந்தவர்களைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

அந்தக் கேள்வியைக் கொல்வதற்கு மயூரன் என்ன பாடுபட்டான். தேர்வுக்காக அவள் குடும்பத்தைப் பிரிந்து தங்கியிருந்த, படிப்பவர்கள் சேர்ந்து தங்கும் வீட்டில் பக்கத்து அறைக்காரன், யாழ்ப்பாணத்துப் பையன், அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். சமையலறையில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் தான் நோயாளியாக உட்கார்ந்து, மற்றதில் அரிசிப் பையை நிமிர்த்தி வைப்பான். "அக்கா, இது உங்கட ஆள். கூட வந்தவர். இவரைப் பாக்கக் கூடாது. என்னைப் பாத்துக் கதையுங்கோ." அவள் ஆரம்பிப்பாள். "அக்கா, திரும்பவும் அரிசியோட கதைக்கிறியள்." "இல்லப்பா, உன்னத்தான பாத்தேன்." "எனக்குத்தான் காய்ச்சல், அரிசிக்கு இல்லை." சிரித்துச் சிரித்து, நாளுக்கு நாள், அவள் கண் பழகிற்று. நாக்கும் பழகிற்று, கேள்வி எழும்போதே நுனிநாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொள்வாள். இப்போதும் வைத்திருக்கிறாள். உப்புக் கரித்தது. கடித்துவிட்டாளா? மயூரன் சென்ற மாதம் தேறிவிட்டான். புறப்படும்போது, "அக்கா, அரிசியை விட்டுட்டுப் போறன், சமைச்சுச் சாப்பிடுங்கோ," என்றான். அவள் அதைச் சமைக்கவில்லை. அது அந்த நாற்காலியில் அப்படியே இருந்தது. பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் ஒருமுறை அதைக் கண்டு பயந்து கதவைப் பற்றிக்கொண்டாள், யாரோ வந்து காத்திருக்கிறார்கள், செய்தி கேட்க வந்திருக்கிறார்கள், இனி சொல்லியாக வேண்டும் என்று.

நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு மனம் வந்து சேர்ந்தே விட்டது. ஷெரினுக்கு முந்திய கர்ப்பம், ஏழாம் மாதம், மிஷன் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை. ஜெயசிங் அப்போது அங்கேயேதான் செவிலியன். சீருடையிலேயே வந்து நின்றான். பெரிய டாக்டரம்மா வயிற்றில் கருவியை நகர்த்தினார். நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தினார். திரை அவளுக்குத் தெரியாதபடி திரும்பியிருந்தது. அறையில் எதுவும் கேட்கவில்லை, எது கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய டாக்டரம்மா அவள் நெற்றியைத் தொட்டு, "படுத்திரு கண்ணு," என்றார். பிறகு ஜெயசிங்கைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க," என்றார். கதவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியே பெரிய டாக்டரம்மாவின் முதுகும் ஜெயசிங்கின் முகமும் தெரிந்தன. அவள் மருத்துவர், அவன் செவிலியன். வேறு எந்த நோயாளியைப் பற்றியானாலும் பெரிய டாக்டரம்மா அவளிடம்தான் சொல்லியிருப்பார், அவள்தான் அவனிடம் சொல்லியிருப்பாள். அன்று அவன் கூட வந்தவன். அவளுடைய குழந்தை உயிரோடு இல்லை என்பது அவளுக்கு முன்னால் அவன் முகத்துக்குத் தெரிந்தது. அந்த முகம் மடங்குவதை வயிற்றில் பசை காயாமல் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஒருவர் தன் கண்ணைப் பார்த்துச் சொல்வது வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு அழக்கூட முடியாது. ஜெயசிங் உள்ளே வந்து, "ஒண்ணும் இல்ல ஹெப்சி, ஊசி போடணுமாம்," என்றான். அவளும் சரி என்று தலையாட்டினாள். அவனுக்காக அன்று மாலை வரைக்கும் தெரியாதவள் போலவே இருந்தாள். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பிய காலையில், ஸ்டூலில் உட்கார்ந்த முதல் பெண்ணிடம் கேட்டாள், கூட யாரும்மா வந்திருக்கா?

ஏன் கேட்டாள்? கேட்காமல் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் கேட்டாள். இந்த நாற்காலியிலும் அந்த ஸ்கேன் மேசையின் குளிர், முதுகுத்தண்டின் அடியில் ஆரம்பித்து மேலே ஏறும் அதே குளிர். எதிரே கடைசிக் கதவு. அதிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது, நீண்டு ஒடுங்கியது. அதன் வழியே ஒரு தோள் தெரிந்தது, சாம்பல்நிறப் பின்னல் சட்டை, அசையாத தோள். இன்னும் சில நொடிகளில் அந்தத் தோளுக்குரியவள் ஹெப்சிபாவிடமிருந்து எதையாவது எதிர்பார்ப்பாள். மாத்திரையாக இருக்கட்டும், தடுப்பூசியாக இருக்கட்டும், முழங்கால் வலியாக இருக்கட்டும். கர்த்தாவே, முழங்கால் வலியாக இருக்கட்டும். கண்காணிப்பாளர் அருகே வந்து, தாழ்ந்த குரலில், "நலமா?" என்று கேட்டார். பேசக் கூடாது என்பது விதியாதலால் அவள் தலையை அசைத்தாள். அந்த அசைவு ஆம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியாமல் அவர் சற்று நின்றுவிட்டு, ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதைக் குடிக்கும்போது மணி அடித்தது.

கதவருகே ஒட்டியிருந்த தாளை வாசித்தாள். மிஸஸ் பார்லோ, ஐம்பத்திரண்டு வயது. மார்பில் கட்டி, சென்ற வாரம் சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். முடிவு, புற்று. அவருக்கு இன்னும் தெரியாது. முடிவைத் தெரிவியுங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தன. முதல் வாசிப்பில் தெரியாது என்ற சொல்லில் நின்றாள், இரண்டாம் வாசிப்பிலும் அதிலேயே நின்றாள். இப்படிப்பட்ட அறைக்கு எல்லாம் பாடம். முதலில் உங்களுக்கு எதுவரை தெரியும் என்று கேட்க வேண்டும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்க வேண்டும், முன்னெச்சரிக்கையாக ஒரு வாக்கியம், பிறகு செய்தி, பிறகு மௌனம். மயூரனிடம் பலமுறை ஒப்பித்த பாடம். ஒப்பித்தவள் எங்கே? நாக்கின் நுனி பல்லுக்கடியில் இருக்கிறதா? இருக்கிறது. மணி மறுபடி அடித்தது. கைப்பிடி அவள் கையைவிடக் குளிர்ந்திருக்கவில்லை.

மூலையில் ஒருவர் பலகையில் தாளுடன். சுவர் ஓரமாக மருத்துவருக்கான மேசையும் நாற்காலியும். எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அந்தப் பெண், மற்றதில் அவளுடைய கைப்பை. நல்ல பழுப்புத் தோல் பை, வாய் மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஹெப்சிபா கையைக் கழுவினாள், இம்முறை நிச்சயமாக. பெயர் சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள். "முடிவு வந்துவிட்டதா, டாக்டர்?" என்று கேட்டாள் மிஸஸ் பார்லோ. டாக்டர் என்ற அந்த விளிப்பில், சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு நடிகை சொல்லும் விளிப்பில், ஹெப்சிபாவின் நாக்கு பல்லைவிட்டு நழுவியது. பதிலாக ஏதாவது வெளிவர வேண்டியிருந்தது, வந்தது அதுதான். "உங்களுடன் யார் வந்திருக்கிறார்கள்?"

மூலையில் பேனா நகர்ந்தது. முடிந்தது என்று ஹெப்சிபா எண்ணினாள். அந்த எண்ணம் மிகத் தெளிவாக, ஏறத்தாழ அமைதியாக இருந்தது: முடிந்தது, ஷெரின் சொன்னது சரி. "யாரும் வரவில்லை," என்றாள் மிஸஸ் பார்லோ. "மகள் வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஒன்றும் இல்லை என்றால் அவளுடைய விடுப்பு வீண்தானே." சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றது. "வந்திருக்க வேண்டுமோ?" எந்த நாட்டில் இருந்தால் என்ன, அந்தக் கேள்வியின் பொருளைச் செவி அறிந்துகொள்கிறது. நாளைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க என்ற அடுத்த வாக்கியம் ஹெப்சிபாவுக்குள் தயாராக எழுந்து நின்றது, தானே நடந்து வெளியே போகக் கூடிய அளவுக்குப் பழகிய வாக்கியம். ஹெப்சிபா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அது நடிப்புதான். ஆனால் நடிப்பதற்கு அவள் எங்கிருந்தோ ஒரு பயத்தை எடுத்துவந்திருந்தாள், அந்தப் பயம் அன்று ஸ்கேன் அறையில் கதவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த பயம். "மகளை இப்போது அழைக்கலாம், அவர் வரும்வரை காத்திருக்கலாம்," என்றாள் ஹெப்சிபா. "அல்லது உங்களிடமே சொல்கிறேன். எப்படி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"என்னிடம் சொல்லுங்கள். என்னுடையதுதானே."

மருத்துவர் நாற்காலியை எங்கே போட வேண்டும், எவ்வளவு முன்னால் சாய வேண்டும் என்பதற்கெல்லாம் பாடம் இருந்தது. இதற்கு இல்லை. "இந்தப் பையை எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று ஹெப்சிபா கேட்டாள். மிஸஸ் பார்லோ விழித்துவிட்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து, கூட வந்தவரின் நாற்காலியில் ஹெப்சிபா உட்கார்ந்தாள். அதில் பை அழுத்திய தடம் இருந்தது. அங்கிருந்து பார்த்தபோது எதிரே மருத்துவருக்கான நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் இனி எப்போதாவது உட்காரப் போகிறாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மூலையில் பேனா நகர்கிறதா, நின்றுவிட்டதா, திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த முகத்தின் பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள். "மிஸஸ் பார்லோ," என்றாள், "நல்ல செய்தி இல்லை." கதவின் கண்ணாடிக்கு அப்பால், நடையில், யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.